ஓட்டு கெத்துக்கா, அறிவுக்கா? நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

ஈரோட்டுக்காரன்:
நானே ஆரம்பிக்கிறேன். 2022 பிப்ரவரியில் எங்கள் பேரூராட்சி வார்டில் பெரியப்பா சுயேச்சையாக நின்றார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எந்தத் தெருவில் எந்தக் குழாய் உடைந்திருக்கிறது என்று நோட்டுப் போட்டு வைத்திருந்தவர். நோட்டீஸ் கொடுக்க நானும் கூடப் போனேன்.

எதிரில் நின்றவருக்கு மைனர் செயின், பின்னால் எட்டு பைக். பிரச்சாரத்துக்கு நடுவில் போன் வரும். "எந்த எஸ்.ஐ.டா அவன்?" என்று தெருவே கேட்கிற மாதிரி பேசுவார். அந்தப் பக்கம் யாராவது இருந்தார்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

ஒரு பாட்டி பெரியப்பாவை உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டுக் கேட்டது: "ஏனுங் வாத்தியாரே, எம்பையனைப் பாதி ராத்திரில போலீசு கூட்டிட்டுப் போனா ஸ்டேஷனுக்கு வருவீங்ளா?"

பெரியப்பா, "முறைப்படி மனு எழுதித் தர்றேன்ங்க" என்றார்.

"மனு எழுதத்தான் தாலூகாபீஸ் வாசல்ல ஆளு உக்காந்திருக்குதுங்களே."

47 ஓட்டு. டெபாசிட் போச்சு.

விருதுநகர் பேரன்:
எங்கள் ஊரில் இதைக் கிளப்பினால் 1967-க்குப் போய்விடுவார்கள். காமராஜரே 1,285 ஓட்டில் தோற்றார். ஜெயித்தவர் மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசன். கெத்து ஜெயித்தது என்று நான் சொல்லமாட்டேன். அரிசித் தட்டுப்பாடு, இந்தி எதிர்ப்புப் போராட்டம் எல்லாம் சேர்ந்த கோபம் அது. "படுத்துக்கொண்டே ஜெயிப்போம்" என்று காமராஜர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. தாத்தாவுக்கு அதுதான் உறுத்தல். அந்த மனுசர் கெத்தாகப் பேசிய ஒரே தடவை அதுதான் என்பார். தான் யாருக்குப் போட்டார் என்பதை மட்டும் சாகும்வரை சொல்லவில்லை. 1969-ல் நாகர்கோவில்காரர்கள் அவரை எம்.பி. ஆக்கிய சேதி வந்த அன்று வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னாராம். அதிலிருந்து நான் ஊகித்துக்கொண்டேன்.

இம்பால் ரிட்டர்ன்:
2017-ல் வேலை நிமித்தம் மணிப்பூரில் இருந்தேன். இரோம் ஷர்மிளா 16 வருஷம் உண்ணாவிரதம் இருந்தவர். தவுபல் தொகுதியில் முதல்வர் இபோபி சிங்கை எதிர்த்து நின்று, சைக்கிளில் போய் ஓட்டுக் கேட்டார். கிடைத்தது 90 ஓட்டு. நோட்டாவுக்கே அதைவிட அதிகம். என் வீட்டுக்கார அம்மா அவர் பெயரைச் சொன்னாலே கண் கலங்குவார். அந்தத் தொகுதியில் ஓட்டு இருந்தால் போட்டிருப்பீர்களா என்று கேட்டேன். சாதம் ஆறுகிறது, சாப்பிடு என்றார்.

ஈரோட்டுக்காரன்:
அதேதான். மரியாதை வேறு கணக்கு, ஓட்டு வேறு கணக்கு. கெத்தை ஜனங்கள் ரசிக்கிறார்கள் என்பதைவிட, நமக்காக ஒருத்தன் சத்தம் போடுவான் என்று அதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த உத்தரவாதம் செல்லுமா என்பது அப்புறம்.

விட்டுப்போனது ஒன்று. இப்போது கவுன்சிலரிடம் யாராவது பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன் என்று போனால், "வாத்தியார்கிட்ட எழுதி வாங்கிட்டு வா" என்று எங்கள் வீட்டுக்குத்தான் அனுப்புகிறார். போன வாரம் அந்தப் பாட்டி வந்திருந்தது. கையில் மோர்ச் சொம்பு.