இரவோடு இரவாகக் காற்று இறங்கும் பின்சக்கரம்: நாளை சாக்ரோ மலை ஏற வேண்டும், உதவுங்கள்

சுண்டைக்காய் | மாலை 3.40

மொராக்கோவில் பூமால்ன் தாதெஸ் என்ற ஊரில் இருந்து எழுதுகிறேன். ஒன்பது நாள் கிராவல் சைக்கிள் பயணம், அதாவது மண், சரளைப் பாதைகளில். நாங்கள் எட்டுப் பேர், உள்ளூர் வழிகாட்டி ஒருவர், சாமான் ஏற்றிக்கொண்டு பின்னால் வரும் ஜீப் ஒன்று. இன்று ஐந்தாம் நாள், ஓய்வு. நாளைக் காலை ஏழரைக்கு ஜெபல் சாக்ரோ மலைக்குள் நுழைகிறோம். கணவாய் 2,200 மீட்டரை ஒட்டி இருக்கிறது. அதன் பிறகு இரண்டு நாளுக்கு சைக்கிள் கடை என்ற பேச்சே இல்லை.

தொல்லை பின்சக்கரத்தில். டியூப்லெஸ், 700க்கு 42 டயர். மாலையில் 2.4 பார் அழுத்தத்துக்குக் காற்று அடித்து நிறுத்தினால் காலையில் அப்பளம் போலத் தரையில் படிந்து கிடக்கிறது. மறுபடி அடித்து ஓட்டினால் மதியச் சாப்பாடு வரை தாங்குகிறது, பிறகு மெல்ல இளகுகிறது. முன்சக்கரம் கல் மாதிரி இருக்கிறது.

மூன்றாம் நாள் ஸ்கூரா பேரீச்சந்தோப்புக்குள் ஓட்டியபோது வெட்டிப் போட்ட மட்டை ஒன்றின் முள் குத்தியது. விரல் நீளம் இருக்கும். பிடுங்கி, துளையில் ரப்பர் திரி செருகினேன். அந்த இடத்தில் இப்போது ஒரு கசிவும் இல்லை. நேற்று 60 மில்லி சீலன்ட், அதாவது டயருக்குள் இருந்து துளையை அடைக்கும் திரவம், புதிதாக ஊற்றினேன். வால்வின் உள்முள்ளைக் கழற்றித் துடைத்து இறுக்கினேன். இன்று காலையும் அதே அப்பளம்தான். எங்கே தேடுவது?

வெயிலான் | 3.58

கவலைப்படாதீர்கள், அது குளிர். அட்லஸ் மலைக்குத் தெற்கே பகலில் 30 டிகிரி, விடியற்காலையில் 8 டிகிரி என்பதெல்லாம் அக்டோபரில் சகஜம். காற்று சுருங்கும்போது டயரும் தளரும். அந்த வறண்ட வெயிலில் சீலன்டும் சீக்கிரம் காய்ந்துவிடும். இன்னொரு 60 மில்லி ஊற்றுங்கள்.

கோட்டம் | 4.10

வெயிலான் சொன்னதில் பாதி சரி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2.4 பார் அடித்த டயர் 22 டிகிரி குளிர்ந்தால் கால் பார் அளவுதான் இறங்கும். காலையில் 2.1 அல்லது 2.2 இருக்கும், கட்டை விரலுக்கு வித்தியாசமே தெரியாது. அப்பளமானால் காற்று வெளியே போயிருக்கிறது என்றுதான் பொருள். குளிர் என்றால் முன்சக்கரத்தை மட்டும் ஏன் விட்டுவைத்தது?

எனக்கு இரண்டு கேள்விகள். ஒன்று, மூன்றாம் நாள் காலையில், அதாவது முள் குத்துவதற்கு முன்னால், டயர் எப்படி இருந்தது? இரண்டு, அதற்கு முதல் நாள் அந்தச் சக்கரத்தில் யாராவது கை வைத்தார்களா?

மூன்றாம் கியர் | 4.15

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? டியூப்லெஸ் வால்வைக் கழற்றிவிட்டு உள்ளே டியூப் போட்டு மூடிவிடுங்கள். அரை மணி நேர வேலை.

ஒரே ஒரு எச்சரிக்கை. இதுவரை சீலன்ட் அடைத்து வைத்த முட்கள் எல்லாம் டயருக்குள் அப்படியே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பக்கத்து வயல்களுக்கு முள்வேலி போடும் செடி நம்மூர் இலந்தைக்கு ஒன்றுவிட்ட தங்கை. அதன் முள் குட்டை, ஆனால் வளைந்து கொக்கி மாதிரி இருக்கும். வெறும் விரலால் தடவாதீர்கள். பழைய காலுறை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு டயரின் உட்புறம் முழுக்க ஒரு சுற்று இழுங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே முள். குறடால் பிடுங்குங்கள்.

டியூப் உங்களிடம் இல்லையென்றால் ஊர்க் கடையில் கேட்கலாம். பிரெஞ்சில் "ஷாம்ப்ர் ஆ ஏர்" என்றால் புரியும். ஆனால் கிராமக் கடைகளில் பெரும்பாலும் கார் டயரில் வருகிற தடித்த வால்வு வைத்த டியூப்தான் கிடைக்கும். உங்கள் ரிம் துளை மெல்லிய வால்வுக்கு உரியது, அது நுழையாது. 29 அங்குல மலை சைக்கிள் டியூப் கிடைத்தால் வாங்கலாம். அதற்கும் உங்கள் 700 சக்கரத்துக்கும் ரிம் விட்டம் 622 மில்லிமீட்டர்தான்.

சுண்டைக்காய் | 4.32

கோட்டம் அண்ணா, நீங்கள் கேட்ட பிறகுதான் நினைவு வருகிறது. மூன்றாம் நாள் காலையிலும் காற்று குறைவாகத்தான் இருந்தது. வெயிலான் சொன்ன மாதிரி குளிர் என்று நினைத்து அடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அதற்கு முதல் நாள் தெலுவெத்தில் இருந்து ஊனிலா பள்ளத்தாக்கு வழியாக ஐத் பென் ஹத்துவுக்கு இறங்கினோம். ஒட்டகக் கூட்டங்கள் போன பழைய வணிகப் பாதை. ஒரு பக்கம் சிவப்பு மண் கோட்டைகள் கரைந்து நிற்கின்றன, கீழே ஆற்றோரமாக ஒரு பச்சைக் கோடு. அதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டே ஒரு வாய்க்கால் பள்ளத்தில் பின்சக்கரத்தை இறக்கிவிட்டேன். டங் என்று சத்தம். பல்சக்கரப் பக்கத்தில் ஒரு ஸ்போக்ஸ் கம்பி அறுந்தது. அன்று மாலை வழிகாட்டி புதுக் கம்பி போட்டுக் கோட்டம் எடுத்துக் கொடுத்தார். டயரைக் கழற்றவே இல்லை. கம்பியின் நுனியை ரிம்மில் பிடித்து வைக்கும் பழைய நிப்பிளிலேயே திருகிவிட்டார். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது, நாங்கள் கைதட்டினோம்.

கோட்டம் | 4.41

கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பின்சக்கரத்தில் பல்சக்கரப் பக்கத்துக் கம்பி பெரும்பாலும் இடது பக்கத்துக் கம்பியைவிட ஓரிரு மில்லிமீட்டர் குட்டை. ஜீப்பில் இருந்த கம்பிக் கட்டிலிருந்து அவர் இடது பக்க அளவை எடுத்துப் போட்டிருந்தால், இறுக்க இறுக்கக் கம்பியின் நுனி நிப்பிள் தலையைத் தாண்டி ரிம்முக்குள் முளைத்திருக்கும். அதற்கு மேலே இருப்பது கம்பித் துளைகளைக் காற்று போகாமல் மூடும் உங்கள் ரிம் டேப் மட்டும்தான். ஓட்டும்போது சீலன்ட் சுழன்று வந்து ஓட்டையை அரைகுறையாக அடைக்கிறது. நிறுத்தினால் அடியில் போய்த் தேங்கிவிடுகிறது, இரவெல்லாம் காற்று போகிறது. மதியம் வரை தாங்குகிறது என்றீர்களே, அது இப்படித்தான்.

உறுதி செய்ய வழி இருக்கிறது. நன்றாகக் காற்று அடித்து, சக்கரத்தைப் படுக்க வைத்து, ஒவ்வொரு நிப்பிளிலும் சோப்புத் தண்ணீர் விடுங்கள். வால்வு துளையிலும் விடுங்கள். டேப்பைத் தாண்டிய காற்று ரிம்மின் பொந்துக்குள் ஓடி எங்கே சந்து இருக்கிறதோ அங்கே வெளியே வரும். ஆகவே குமிழி வரும் இடம்தான் ஓட்டை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டயரின் மேல் எங்குமே குமிழி இல்லாமல் ரிம் பக்கம் வந்தாலே போதும், குற்றவாளி டேப்.

மூன்றாம் கியர் சொன்னபடி உடனே டியூப் போட்டுவிடாதீர்கள். டேப்பைக் குத்திய கம்பி டியூபைச் சும்மா விடாது. மலை நடுவில் நிற்பீர்கள்.

மூன்றாம் கியர் | 4.44

ஒப்புக்கொள்கிறேன். கம்பி அறுந்த கதையை முதலிலேயே சொல்லியிருக்கலாமே ஐயா!

சுண்டைக்காய் | 5.05

வாசலில் வாளி வைத்து உட்கார்ந்திருக்கிறேன். விடுதிக்காரரின் இரண்டு குழந்தைகள் மேற்பார்வை. டயரில் ஒரு குமிழி கூட இல்லை. புதுக் கம்பியின் நிப்பிளில் கடுகு அளவுக்கு வெள்ளைக் குமிழி வந்து, பருத்து, உடைந்து, மறுபடி வருகிறது. சின்னவள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது வேறு சங்கடம். வழிகாட்டி நல்ல மனிதர். எல்லோர் முன்னாலும் கைதட்டு வாங்கிய வேலை. இப்போது போய் "நீங்கள் போட்ட கம்பி தப்பு" என்று எப்படிச் சொல்வது? நானே சத்தமில்லாமல் சரி செய்துவிடலாமா?

தாழம்பூ | 5.12

தம்பி, அந்தத் தவறைச் செய்யாதீர்கள். நான் இதே மலைத்தொடரில் இரண்டு முறை வழிகாட்டியோடு ஓட்டியிருக்கிறேன். அவர்கள் அவமானமாக நினைப்பது தப்பைச் சுட்டிக்காட்டுவதை அல்ல. விருந்தாளி மறைத்து வைத்து, பிறகு நடுவழியில் நிற்பதைத்தான். அவர் பொறுப்பில் எட்டுப் பேர் இருக்கிறார்கள். சாக்ரோவில் ஜீப் உங்களோடு ஒட்டியே வராது. சில இடங்களில் அது வேறு பாதையில் சுற்றிக்கொண்டு வரும். உங்கள் சக்கரம் நின்றால் ஏழு பேர் வெயிலில் காய்வார்கள்.

எல்லோர் முன்னாலும் பேச வேண்டாம். தேநீர் ஊற்றும் நேரத்தில் தனியாகக் கூப்பிட்டு அந்தக் குமிழியைக் காட்டுங்கள். நீங்கள் வாய் திறக்கத் தேவையே இருக்காது.

கோட்டம் | 5.20

தாழம்பூ அக்கா சொல்வது சரி. அதோடு அரம் அவரிடம்தான் இருக்கும்!

செய்ய வேண்டியது இது. டயரை முழுக்கக் கழற்றுங்கள், டேப்பை உரியுங்கள். நுனி நீட்டிக்கொண்டிருந்தால் நிப்பிள் தலைக்குச் சமமாக அராவுங்கள். இரும்புத் தூளை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், ஒரு துகள் கூட உள்ளே இருக்கக் கூடாது. சரியான அளவுக் கம்பி ஜீப்பில் இருந்தால் மாற்றுவது இன்னும் மேல். ஆனால் மறுபடி பல்சக்கரத்தைக் கழற்ற வேண்டும்.

புது டியூப்லெஸ் டேப் இல்லாமல் மீண்டும் டியூப்லெஸ்ஸாக ஓட்ட ஆசைப்படாதீர்கள். கிழியாத துணி டேப் இருந்தால் ரிம் அகலத்துக்கு நீளவாக்கில் கத்தரித்து இரண்டு சுற்று இறுக்கமாக ஒட்டுங்கள், உள்ளே டியூப் போடுங்கள். மின்சார வேலைக்குப் பயன்படும் டேப் வேண்டாம், அது காற்றழுத்தத்தில் இளகி நிப்பிள் குழிகளுக்குள் இறங்கிவிடும்.

டியூப் போட்ட பிறகு 2.4 போதாது. கல்லில் இடித்தால் ரிம் கடித்து டியூபில் இரட்டைத் துளை விழும். 2.8க்குக் கீழே வேண்டாம். மாற்று டியூப் குறைந்தது இரண்டு கைவசம் இருக்கட்டும், சக பயணிகளிடம் கடன் கேளுங்கள்.

சுண்டைக்காய் | இரவு 9.15

முடிந்தது. புதினா போட்ட தேநீரை ஓரடி உயரத்தில் இருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன், வந்தார், குமிழியைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே ஜீப்புக்குப் போய்க் கம்பிக் கட்டையும் அரத்தையும் எடுத்து வந்தார்.

டேப்பை உரித்ததும் தெரிந்தது. பேனா முனை மாதிரி பளபளவென்று ஒன்றரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது. டேப்பில் குண்டூசித் துளை, அதைச் சுற்றி உறைந்த தயிர் போலச் சீலன்ட். கட்டில் இருந்த கம்பிகளை மேசையில் வரிசையாக நிறுத்தித் தட்டிச் சமப்படுத்தினார். இரண்டு அளவும் கலந்து கிடந்தன. நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். சரியான கம்பியையே போட்டுவிட்டார். துணி டேப் இரண்டு சுற்று, டியூப், 2.8 பார்.

காலுறை வைத்தியமும் செய்தேன். டயருக்குள் பதினொரு முட்கள். ஒன்பது இலந்தைச் சாதி. மீதி இரண்டும் ரோஜா முள் என்று வழிகாட்டி சொல்கிறார். நேற்று ம்கூன் பள்ளத்தாக்கில் ரோஜா வேலிகளை ஒட்டித்தான் ஓட்டினோம். பூ பறிப்பது ஏப்ரல், மே மாதங்களில். அக்டோபரில் போனவனுக்கு முள் மட்டும்.

கடைசியாக ஒரு சந்தேகம். டயரைக் கழற்றும்போது விடுதிக்காரரின் கம்பளி விரிப்பில் சீலன்ட் கொட்டிவிட்டது. கையால் நெய்தது. உள்ளங்கை அளவுக்குக் கறை. எப்படி எடுப்பது?

தாழம்பூ | 9.22

தேய்க்காதீர்கள்! ஈரமாக இருப்பதைக் கரண்டியால் வழித்து, குளிர்ந்த தண்ணீர் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள். உள்ளே போனதைக் காய விடுங்கள். பெரும்பாலான சீலன்ட் ரப்பர் பால்தான். காய்ந்ததும் பனிக்கட்டி வைத்து இறுகச் செய்தால் உதிர்த்து எடுக்கலாம். பெட்ரோல் கிட்டேயே வரக் கூடாது, சாயம் போய்விடும். விடுதிக்காரரிடம் இன்றிரவே சொல்லிவிடுங்கள். இதையும் மறைக்க நினைத்தீர்களா தம்பி?

சுண்டைக்காய் | 9.25

நினைத்தேன். சொல்லிவிடுகிறேன்.

சுண்டைக்காய் | பயணத்தின் ஏழாம் நாள், மாலை 6.50

ந்கோப் ஊரில் இருந்து. சாக்ரோவைக் கடந்துவிட்டோம். கணவாயின் கடைசி வளைவுகளில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனேன், அதற்குச் சக்கரம் பொறுப்பல்ல. இறக்கத்தில் பாப் ந் அலி பாறைத் தூண்கள் தெரிந்தபோது எட்டுப் பேரும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டோம். இந்த முறை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் வாய் பிளந்தேன்.

இரண்டு நாளில் ஒரே ஒரு பஞ்சர், அதுவும் வேறொருவருக்கு. நான் கடன் வாங்கிய டியூபை அவரே திருப்பி வாங்கிக்கொண்டார்.

விரிப்புக் கறை முக்கால்வாசி உதிர்ந்தது. மீதிக்கு விடுதிக்காரர் பணம் வாங்க மறுத்துவிட்டார். சின்னவள் குமிழி எண்ணியதற்கு நான்தான் கூலி கொடுக்க வேண்டுமாம்.

நாளை திரா பள்ளத்தாக்கில் இறங்குகிறோம். பேரீச்சை அறுவடைக் காலம், பாதையெல்லாம் மட்டை கிடக்கும் என்கிறார்கள். சற்று முன் வழிகாட்டி வந்து, நான் கேட்காமலே என் பின்டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார். ஜீப்பில் கம்பிக் கட்டு இப்போது இரண்டாகி இருக்கிறது. நீளமானதில் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறது.