புதுப்பிப்பு: ட்யூன் செய்த டீசல் பிக்கப், ஆயில் இடைவெளி, மைலேஜ்

ட்யூன் செய்த (இன்ஜின் சக்தியைக் கூட்டிய) டீசல் பிக்கப்பில், கையேட்டில் உள்ள கிலோமீட்டரில் பாதியிலேயே இன்ஜின் ஆயில் மாற்றுங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் டயர் கணக்கு விட்டுப்போயிற்று. 265/70 ஆர்17 அளவு டயருக்குப் பதில் பெரிய 285/70 ஆர்17 போட்டால் டயரின் விட்டம் 803 மி.மீ.-இலிருந்து 831 ஆகிறது. மீட்டர் 100 காட்டும்போது வண்டி 103.5 கி.மீ. ஓடியிருக்கும். மைலேஜ் குறைந்ததாகத் தெரிவதில் ஒரு பங்கு இந்தப் பிழைதான். டேங்க் நிரப்பிக் கணக்கிடும்போது தூரத்தை 1.035-ஆல் பெருக்குங்கள். 5,000 கி.மீ. இடைவெளி என்றால் மீட்டரில் 4,830-லேயே மாற்ற வேண்டும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம்: டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) ஆயில் மட்டம் ஏறுகிறதா பாருங்கள். டிபிஎஃப் (புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) தன்னில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்வது அடிக்கடி பாதியில் நின்றால், அதற்காகத் தெளித்த டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்கிறது. நிறத்தை நம்ப வேண்டாம், டீசல் இன்ஜினில் புது ஆயிலும் சீக்கிரம் கறுத்துவிடும். மட்டம் ஏறி, குச்சியில் டீசல் வாடையும் அடித்தால் கிலோமீட்டர் பார்க்காமல் உடனே மாற்றுங்கள். தள்ளிப்போட்டால் முதலில் அடிபடுவது டர்போவும் பேரிங்கும்.