தாமரை இலை வழவழப்பா, சொரசொரப்பா?

இலைமறைகாய்:
"தாமரை இலை வழவழவென்று இருப்பதால்தான் தண்ணீர் ஒட்டுவதில்லை. அதைப் பார்த்துத்தான் மழையே கழுவிவிடும் சுவர் பெயின்ட் செய்தார்கள்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல் வந்தது. மின்னணு நுண்ணோக்கியில் பாருங்கள் ஐயா. இலை முழுக்க 10 மைக்ரான் அளவில் மொட்டு மொட்டாக மேடுகள். ஒவ்வொரு மேட்டின்மீதும் பொடிப்பொடி மெழுகுக் குழல்கள். சொரசொரப்பு அது!

பசுமைப்பித்தன்:
அந்த 'ஒருவர்' நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். மெழுகு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மெழுகு வழவழப்பில்லாமல் வேறென்ன?

இலைமறைகாய்:
கண்ணாடியில் மெழுகைச் சமமாகப் பூசித் துளி விடுங்கள். தொடுகோணம், அதாவது துளியின் ஓரம் பரப்போடு செய்யும் கோணம், 110 பாகையோடு நின்றுவிடும்; அது கூடக்கூடத் துளி உருண்டையாகும். தாமரை இலையில் 150ஐத் தாண்டும். மேடுகளின் உச்சியில் மட்டும் துளி உட்காருகிறது, அடியில் காற்று. அதனால்தான் உருளும்போது தூசியையும் வாரிக்கொண்டு போகிறது. சோப்பும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். ஜெர்மன் தாவரவியலாளர்கள் பார்த்லாட்டும் நைன்ஹுயிஸும் 1997லேயே எழுதிவிட்டார்கள். சொரசொரப்பு!

பசுமைப்பித்தன்:
இலையை விரலால் அழுத்தித் தேய்த்திருக்கிறேன். தேய்த்த இடத்தில் துளி பரவி ஒட்டிக்கொண்டது. போனது மெழுகு. அப்போது காரணம் எது?

இலைமறைகாய்:
நசுங்கியது குழல்! மெழுகு அங்கேயேதான் அப்பிக் கிடக்கிறது.

கரையான்:
நுண்ணோக்கியில் வைக்குமுன் இலையை உலர்த்தித் தங்கம் பூசுவார்கள். செத்த இலையைப் பார்த்துவிட்டு உயிருள்ள இலைக்குத் தீர்ப்பு!

இலைமறைகாய்:
வந்துவிட்டார். கரையான் புற்றைப் பார்த்துக் கட்டியதாகச் சொல்லப்படும் ஹராரேயின் (ஜிம்பாப்வே) ஈஸ்ட்கேட் கட்டடம் பற்றிய விவாதத்தில் பட்டது இன்னும் ஆறவில்லை போலும். உறையவைத்து ஈரத்தோடும் பார்க்கலாம். அப்போதும் மேடு மேடுதான்.

கரையான்:
அந்த விவாதத்தில் பதில் சொல்லாமல் ஓடியது யார்?

நீர்த்திவலை:
இலையின் மெழுகு மக்கிப் போகும். அதைக் காப்பியடித்து வந்த பூச்சுகள் பலவற்றில் ஃபுளோரின் சேர்மங்கள், மண்ணில் எளிதில் சிதையாதவை. இயற்கையிடம் வடிவத்தை வாங்கிக்கொண்டு சரக்கை விட்டுவிட்டோம். அதைப் பேசுங்களேன்.

பசுமைப்பித்தன்:
அதற்குத் தனி இழை திறங்கள். இங்கே வழவழப்பு பற்றிப் பேச்சு.

இலைமறைகாய்:
சொரசொரப்பு பற்றி! ஐயா, தேய்க்காத இலையை ஒருமுறையாவது மெல்லத் தொட்டிருக்கிறீர்களா?

பசுமைப்பித்தன்:
தொட்டிருக்கிறேன். வழவழப்பு.