பிரார்த்தனைக்குப் பிறகுதான் வடிகால்

டெக்சாஸிலிருந்து:

எங்கள் தெருவில் மழை பெய்தால் வடிகால் பொங்கும். அதைச் சொல்லத்தான் நகரமன்றக் கூட்டத்துக்குப் போனேன். தொடங்கியதும் ஒரு பாப்டிஸ்ட் போதகர் மைக் முன்னால் வந்து எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். இயேசுவின் நாமத்தில் ஜெபம், அப்புறம் கொடிக்கு உறுதிமொழி, அதற்குப் பிறகுதான் வடிகால். நானும் நின்றேன். பக்தி ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அதே உறுப்பினர்களிடம்தானே கோரிக்கை வைக்க வேண்டும்? உட்கார்ந்திருந்தால் யாரும் கண்டித்திருக்க மாட்டார்கள். ஆனால் மேடையிலிருந்து பார்த்தால் உட்கார்ந்திருப்பவன் நன்றாகவே தெரிவான்.

அரசுப் பள்ளிகள் பிரார்த்தனை நடத்தக் கூடாது என்று 1962-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்ட நாடு. பிறகு இது எப்படி என்று தேடிப் படித்தேன். நியூயார்க் மாநிலத்தில் கிரீஸ் என்றொரு ஊர். அங்கும் இதே வழக்கம். ஒரு யூதப் பெண்மணியும் ஒரு நாத்திகரும் வழக்குப் போட்டார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றத்தில் 5-க்கு 4 என்ற கணக்கில் ஊர் ஜெயித்தது. முதல் நாடாளுமன்றம் தொட்டு வரும் மரபு, வந்திருப்பவர்கள் விவரம் தெரிந்த பெரியவர்கள், பள்ளிக் குழந்தைகள் அல்ல என்பது தீர்ப்பின் சாரம். கையில் மனுவோடு நிற்கிறவனுக்கு வயது என்ன உதவும்? நீதிபதி எலினா கேகன் தன் மாறுபட்ட தீர்ப்பில், மன்றத்துக்கு ஒரு கோரிக்கையோடு வரும் முஸ்லிம் குடிமகள் ஒருவரைக் கற்பனை செய்து இதைத்தான் கேட்டார். என் ஓட்டு அவருக்கே.

நியூ ஜெர்சியிலிருந்து:

இப்படிப்பட்ட மன்றங்களில் எந்த மதத்தவரும் வந்து பிரார்த்தனை சொல்லலாம் என்பார்கள். உண்மைதான், ஆனால் 2007 ஜூலையில் ராஜன் செட் என்ற இந்து மதகுரு அமெரிக்க செனட்டில் முதன்முதலாக இந்துப் பிரார்த்தனை சொன்னபோது, பார்வையாளர் மாடத்திலிருந்து சிலர் கத்தினார்கள். போலீஸ் அவர்களை வெளியேற்றிய பிறகுதான் அவரால் சொல்லி முடிக்க முடிந்தது.

எங்கள் கோயிலுக்கும் ஒருமுறை ஊர்மன்றத்திலிருந்து அழைப்பு வந்தது. கமிட்டியில் பாதிப் பேர் நல்ல வாய்ப்பு என்றார்கள், மீதிப் பேர் வீண் வம்பு என்றார்கள். கடைசியில் போய் 'ஸர்வே பவந்து ஸுகின:' சொல்லி, ஆங்கிலத்தில் அர்த்தமும் சொன்னோம். யாரும் கத்தவில்லை. கூட்டம் முடிந்ததும் ஒரு உறுப்பினர் கைகுலுக்கி, "தேர்தல் வருகிறதே, கோயிலுக்கு வந்து எனக்கு ஓட்டுக் கேட்கலாமா?" என்றார். வரிவிலக்கு பெற்ற அமைப்புகள் வேட்பாளருக்கு ஆதரவு தரக் கூடாது என்ற 1954 சட்டத்தைச் சொல்லி எங்கள் தலைவர் நழுவினார். சாப்பிட வேண்டுமானால் வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை பொங்கல் உண்டு என்றும் சொல்லி வைத்தார்.