மதிப்பீட்டாளர் பார்க்க வந்த ஆட்டங்கள்: உங்களுக்கு எப்படி இருந்தது?

அமெச்சூர் கால்பந்துக்கு விசில் ஊதுகிறவன் நான். வாரம் முழுக்க வேறு வேலை, வார இறுதியில் மைதானம். இந்தப் பருவத்தில் அடுத்த நிலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அதிலிருந்து அவ்வப்போது ஒரு மதிப்பீட்டாளர் குறிப்பேட்டோடு வந்து ஓரத்தில் நிற்கிறார். சில தடவை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். சில நாள் ஆட்டம் முடிந்து அவர் கைகொடுக்க வரும்போதுதான் தெரியும். இதுவரை வந்த அறிக்கைகளை ஒரே மூச்சில் உட்கார்ந்து படித்தேன்.

பெரிய முடிவுகளைப் பற்றி எல்லா அறிக்கையிலும் ஒன்றிரண்டு வரிதான். பெனால்டி சரி, சிவப்பு அட்டை சரி, முடிந்தது. நீளமாக எழுதியிருந்ததெல்லாம் விசில் ஊதுவதற்கு முன்னால் நான் எங்கே நின்றேன், ஊதிய பிறகு என்ன செய்தேன் என்பதைப் பற்றித்தான். முடிவு சரியாக இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு விண்ணப்பிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் மட்டத்தில் பெரும்பாலும் எந்த அணியையும் சேராத லைன்ஸ்மேன் கிடையாது. இரண்டு அணியும் ஆளுக்கொருவரைக் கொடி பிடிக்க அனுப்புவார்கள். பந்து கோட்டைத் தாண்டினால் அவர் கொடி தூக்குவார், ஆஃப்சைடு முழுக்க நம் தலையில். பந்தோடு ஒட்டி ஓடினால் ஃபவுல் தெரியும், ஆஃப்சைடுக்குப் பார்க்க வேண்டிய தடுப்பாட்டக்காரர்களின் வரிசை தெரியாது. ஓரமாக விலகி ஓடினால் வரிசை தெரியும், பந்துக்குப் பக்கத்தில் நடக்கும் முழங்கை வேலை தெரியாது. இரண்டையும் முழுதாகப் பார்க்க ஒரு ஆளால் முடியாது, அது மதிப்பீட்டாளருக்கும் தெரியும். எந்த நேரத்தில் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதைத்தான் அவர் பார்க்கிறார்.

இதில் எனக்கு ரொம்பப் பயன்பட்டது, கோல் முன்னாலிருந்து பந்தை உதைத்து ஆட்டத்தை மறுபடி தொடங்கும் கோல் கிக் பற்றி ஒரு மதிப்பீட்டாளர் தந்த குறிப்பு. முன்பெல்லாம் பந்து பெனால்டி பகுதியைத் தாண்டினால்தான் ஆட்டத்தில் சேர்த்தி. 2019-இல் அதை மாற்றி, உதைபட்டுத் தெளிவாக நகர்ந்தாலே போதும் என்றார்கள். இப்போது சின்ன அணிகள்கூடப் பக்கத்தில் இருக்கும் தடுப்பாட்டக்காரருக்குத் தட்டிவிட்டு விளையாடுகின்றன. எதிரணி ஓடிவந்து நெருக்குகிறது, மோதல் பெனால்டி பகுதிக்குள்ளேயே நடக்கிறது. நீண்ட உதை வரும் என்று நடுக்கோட்டில் காத்திருக்கும் நடுவருக்கு அது எங்கோ தொலைவில். கோல்கீப்பர் பந்தை வைக்கும்போதே தடுப்பாட்டக்காரர்கள் எங்கே பிரிந்து நிற்கிறார்கள் என்று பார், அதை வைத்து உன் இடத்தை முடிவு செய் என்றார். அதற்குப் பிறகு என் ஓட்டம் குறைந்தது, பார்வை கூடியது.

இன்னொரு ஆட்டம். ஒரு வீரர் பந்தோடு சீறிப் போகிறார், பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள். அவர் தடுமாறினாலும் பந்து சக வீரரிடம் போய்விட்டது, நான் விசில் ஊதாமல் ஆட்டத்தைத் தொடர விட்டு, அதாவது அட்வான்டேஜ் கொடுத்து, கையைக் காட்டினேன். ஷாட் கம்பத்துக்கு மேலே போனது. உடனே அந்த அணியின் கோச், ‘இழுத்தவனுக்கு மஞ்சள் எங்கே?’ என்று கத்தினார். நான் காட்டவில்லை. நல்ல தாக்குதலைத் தடுத்ததற்காகத்தான் அந்த மஞ்சள். தாக்குதல் தொடர்ந்துவிட்டதால் அட்டைக்கு வேலை இல்லை, 2020-லிருந்து விதியே அப்படித்தான். முரட்டுத்தனமான மோதலாக இருந்திருந்தால் கதை வேறு, ஆட்டம் நின்றதும் காட்டியிருப்பேன். மதிப்பீட்டாளர் அதைச் சரி என்றே எழுதினார். கூடவே, கையைக் காட்டினால் மட்டும் போதாது, வாயாலும் உரக்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடுவர் பார்க்கவே இல்லை என்றுதான் நினைப்பார்கள் என்றும் எழுதியிருந்தார். நியாயம்தான்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு இன்றும் ஒப்புதல் இல்லை. தொடக்கத்திலேயே ஒரு மஞ்சள் காட்டியிருந்தால் ஆட்டம் அடங்கியிருக்கும் என்று ஒருவர் எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தார். அது வெறும் கவனக்குறைவான ஃபவுல். கவனக்குறைவுக்கு ஃப்ரீ கிக், எதிராளிக்கு வரும் ஆபத்தைப் பொருட்படுத்தாமல் மோதினால் மஞ்சள், அளவு மீறிய பலத்துக்குச் சிவப்பு. பன்னிரண்டாம் விதியில் இது தெளிவாக இருக்கிறது. மற்றவர்களை மிரட்டுவதற்காக ஒருவருக்கு அட்டை காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மதிப்பெண் போனால் போகட்டும்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

* * *

தம்பி, பல வருடம் ஊதிவிட்டு இப்போது ஓரத்தில் நின்று அறிக்கை எழுதுகிறவன் நான், அதனால் அந்தப் பக்கத்துக் கதையையும் கேளுங்கள். நான் முதலில் பார்ப்பது விசிலுக்குப் பிறகு நடுவரின் கண் எங்கே போகிறது என்பதைத்தான். ஃபவுல் கொடுத்ததும் நிறையப் பேர் குனிந்து பையில் அட்டையைத் தேடுகிறார்கள், அல்லது எண்ணைக் குறிக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் முதுகுக்குப் பின்னால் ஒருவன் இன்னொருவனைத் தள்ளிவிடுகிறான். முதலில் எல்லாரையும் பார், பிரித்துவிடு, அப்புறம் எழுது. அவசரம் ஒன்றுமில்லை.

மஞ்சள் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் அட்டை வேண்டாம் என்றால் அதற்குப் பதிலாக ஏதாவது செய்திருக்க வேண்டும். ஆட்டத்தை நிறுத்தி, அந்த வீரரைத் தனியாக அழைத்து, எல்லாரும் பார்க்கும்படி இரண்டு வார்த்தை பேசினீர்களா? அதை நீங்கள் எழுதவில்லை. ஒருவேளை அவர் குறைத்தது அதற்காகவும் இருக்கலாம்.

உடல்தகுதித் தேர்வைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சர்வதேச ஆண் நடுவர்களுக்கு 40 மீட்டரை ஆறு முறை, ஒவ்வொன்றும் 6 விநாடிக்குள். அதற்குப் பிறகு 75 மீட்டர் ஓட்டம், 25 மீட்டர் நடை என்று மாறி மாறி 4,000 மீட்டர். கீழ்நிலையில் அளவு குறைவு, ஆனால் ஓடி நின்று மறுபடி ஓடும் முறை பெரும்பாலும் அதேதான். தினமும் ஒரே வேகத்தில் மெதுவோட்டம் போகிறவர்கள்தான் இதில் அதிகம் திணறுகிறார்கள்.

* * *

அண்ணா எழுதியதைப் படித்ததும் என் ஆட்டம் ஒன்று நினைவுக்கு வந்தது. பெண் நடுவர் என்றால் பெஞ்சிலிருந்து கொஞ்சம் கூடுதலாகவே சத்தம் வரும், அது பழகிவிட்டது. அன்று நான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிப் போகும்போது ஒருவர் மோசமாகத் திட்டினார். திரும்பிப் பார்த்தால் பெஞ்சில் இருந்த எல்லாரும் வானத்தைப் பார்க்கிறார்கள். யார் என்று கேட்டேன், பதில் இல்லை.

அணி அதிகாரிகளுக்கும் அட்டை காட்டலாம் என்று 2019-இல் வந்ததே, அதிலேயே இதற்கும் வழி இருக்கிறது. குற்றம் செய்தவர் யார் என்று தெரியாவிட்டால், தொழில்நுட்பப் பகுதியில், அதாவது பெஞ்சை ஒட்டி அணிக்கு ஒதுக்கிய இடத்தில், இருக்கும் மூத்த கோச்சுக்கு அந்தத் தண்டனை. நேராகப் போய் அவரிடம் காரணத்தைச் சொல்லி அட்டையைக் காட்டினேன். ‘நான் வாயையே திறக்கலையே மேடம்!’ என்றார், பாவம். உண்மையாகவே அவர் திறக்கவில்லைதான். ஆனால் மீதி ஆட்டம் முழுக்க அந்த பெஞ்சை அவரே அடக்கிக்கொண்டார், எனக்கு வேலை மிச்சம். ஓரத்தில் மதிப்பீட்டாளர் இருந்தது பிறகுதான் தெரிந்தது. அறிக்கையில் அதைத் தனியாகக் குறிப்பிட்டிருந்தார்.

* * *

எனக்கு மைதானம் பரவாயில்லை, எழுத்துத் தேர்வுதான் பயம். பந்து நடுவர் மேல் பட்டால் என்ன என்று கேட்டால், முன்பு ஆட்டத்தைத் தொடர விட வேண்டியதுதான். இப்போது பட்ட பிறகும் பந்து மைதானத்துக்குள்ளேயே இருந்து, அதனால் நல்ல தாக்குதல் தொடங்கினாலோ, நேராக கோலுக்குள் போனாலோ, பந்து எதிரணி வசம் மாறினாலோ நிறுத்தி டிராப் பால், அதாவது நடுவரே பந்தைக் கீழே போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது. இல்லையென்றால் தொடரலாம். இந்த ‘இல்லையென்றால்’ என்ற இடத்தில்தான் என்னைக் கவிழ்க்கிறார்கள்.

* * *

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. பெரியவர் கேட்டதற்கு: தனியாக அழைக்கவில்லை, ஓடிக்கொண்டே வாயால் எச்சரித்தேன். அது ஓரத்தில் நின்றவருக்குக் கேட்டிருக்காது, சரி.

அடுத்த ஆட்டத்துக்கும் ஒருவர் வருகிறார் என்று தகவல். கோல்கீப்பர் 8 விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்கு கார்னர் என்ற 2025-26 விதி எங்கள் போட்டியிலும் உண்டு. கடைசி 5 விநாடியைக் கையைத் தூக்கி எண்ணிக் காட்ட வேண்டும். உதவிக்கு ஆளில்லாத ஆட்டத்தில் கோல்கீப்பரைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தால், நடுவில் நிற்கிறவர்களை யார் பார்ப்பது? தனியாக ஊதும்போது யாராவது இதைக் கொடுத்திருந்தால், எண்ணும்போது எங்கே நின்றீர்கள் என்று சொல்லுங்கள்.