தேங்காய்ப் பேரீச்சை உருண்டையின் சாக்லேட் பூச்சு வெளியே வைத்தால் உருகுகிறது

இடம் கோவை, பகலில் சமையலறை வெப்பம் 30 முதல் 31 டிகிரி. அடுப்பில் வைக்காத உருண்டை: உலர் தேங்காய்த் துருவல் 150 கிராம், விதை நீக்கிய பேரீச்சை 120 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. உருண்டை கச்சிதமாக நிற்கிறது. சிக்கல் மேல்பூச்சில்தான்.

பூச்சு: கோகோ தூள் 40 கிராம், தேங்காய் எண்ணெய் 60 கிராம், சலித்த நாட்டுச் சர்க்கரை 25 கிராம். ஃபிரிட்ஜில் இருக்கும்வரை மொறுமொறுவென்று உடைகிறது. வெளியே எடுத்த பத்தே நிமிடத்தில் விரலெல்லாம் சாக்லேட். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் இது எதிர்பார்த்ததே.

அதனால் எண்ணெயில் பாதியைக் குறைத்து 30 கிராம் கோகோ பட்டர் (கோகோ விதையிலிருந்து எடுக்கும் கொழுப்பு) சேர்த்துப் பார்த்தாயிற்று. கொஞ்சம் தேவலை, ஆனாலும் அரை மணி தாங்கவில்லை. இரண்டு கொழுப்பும் கலந்தால் ஒன்றையொன்று இளக்கிவிடும், அதுதான் காரணமாக இருக்க வேண்டும். மூன்றாம் நாள் மேலே வெள்ளைப் படலமும் வந்தது. நாட்டுச் சர்க்கரை கொழுப்பில் கரையாமல் நறநறவென்று இருந்ததால் ஒருமுறை பாகாகக் காய்ச்சி ஊற்றியதில், தண்ணீர் பட்டுக் கலவை முழுதும் களிபோலத் திரண்டு வீணானது. இப்போது மிக்ஸியில் மாவாக அரைத்துச் சேர்ப்பதால் அந்தக் குறை இல்லை.

பாமாயில் கலந்த காம்பவுண்ட் சாக்லேட் வேண்டாம், வீட்டுப் பிள்ளைகளுக்கானது.

31 டிகிரியில் ஒரு மணி நேரமாவது கையில் ஒட்டாமல் நிற்க, கோகோ பட்டரும் தேங்காய் எண்ணெயும் எந்த விகிதத்தில் சேர்க்க வேண்டும்?