இருபக்க டிஃப்யூசர்: பின்பக்கம் பலகை துருத்துகிறது, உதவி தேவை

தம்புரா_கோவை:
ஸ்டுடியோ நடுவில் நிறுத்த இருபக்க டிஃப்யூசர் (ஒலியைப் பல திசைகளில் சிதறடிக்கும், வெவ்வேறு ஆழக் குழிகள் கொண்ட மரச்சட்டம்) செய்கிறோம். முன்பக்கக் குழிகளின் ஆழம், படிக் கணக்கில், 0, 1, 4, 2, 2, 4, 1 வரிசை. திருப்பிப் பார்த்தால் இரண்டு குழிகளின் அடிப்பலகை வெளியே துருத்துகிறது. எங்கே தப்பு? சாயங்காலம் ஆசாரி வந்துவிடுவார், அவசரம்.

மெல்லொலி:
ஒரு படி எத்தனை மி.மீ.? பலகைத் தடிமன்? குழிகளுக்கு நடுவே நிற்கும் தடுப்புப் பலகையின் அகலம்? எதுவுமே சொல்லவில்லையே.

பழையகை:
இது இங்கே பலமுறை பேசி முடித்தது. இந்த வகை டிஃப்யூசரை வகுத்த ஷ்ரோடரின் கணக்கைப் புரிந்துகொண்டுதான் மரத்தில் கை வைக்க வேண்டும். பின்பக்கம் 4, 3, 0, 2, 2, 0, 3 என்று வரும். அது இருபடி எச்ச வரிசையே (0, 1, 2, 3... இவற்றின் வர்க்கத்தை 7-ஆல் வகுத்தால் வரும் மீதிகள்) இல்லை. பின்பக்கத்தை மூடிவிடுங்கள்.

மெல்லொலி:
மூட வேண்டாம். பின்பக்க ஆழம் என்பது 4-லிருந்து முன்பக்க ஆழத்தைக் கழித்தது. அப்படிக் கழிக்கும்போது எல்லாக் குழிக்கும் ஒரே அளவு தாமதம் பொதுவாகச் சேர்கிறது, படிகள் தலைகீழாகின்றன, அவ்வளவுதான். வடிவமைத்த அதிர்வெண்ணில் (படியின் அளவை வைத்து அமைவது) இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் சிதறடிக்கும்.

இசையறை:
அறை எவ்வளவு பெரிது? சின்ன அறை என்றால் முதலில் மூலைகளில் ராக்வூல் (ஒலியை உறிஞ்சும் பாறைப்பஞ்சு) வையுங்கள். பாஸ் (தாழ்ந்த ஒலி) தொல்லையை டிஃப்யூசர் தீர்க்காது.

பழையகை:
அதைத்தான் சொல்கிறேன். சின்ன அறைக்கு டிஃப்யூசரே வீண்.

வீணைப்பிரியன்:
வீண் இல்லை சார். எல்லாச் சுவரிலும் பஞ்சை ஒட்டினால் வீணையின் நாதம் செத்துவிடும். 1000 ஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 34 செ.மீ. அதன் மூன்று மடங்கு, அதாவது டிஃப்யூசரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி மைக் வைக்க இடம் இருந்தால் போதும்.

பழையகை:
அந்த மூன்று மடங்கு வெறும் தோராயம். விதி இல்லை.

தம்புரா_கோவை:
படி 25 மி.மீ. பிளைவுட் 12. தடுப்புகளை 100 அகலத்தில் அறுத்தாயிற்று. குழி அகலம் 50. இன்னும் பசை போடவில்லை.

மெல்லொலி:
பிடிபட்டது. 4 படி என்றால் 100, அதற்கு மேல் பலகையின் 12. ஆக, தடுப்பு 112 இருந்திருக்க வேண்டும். அறுத்ததை வீணாக்க வேண்டாம். 100-இல் 12 போக 88, அதை நாலால் வகுத்தால் படி 22. முன்பக்க ஆழம் 0, 22, 88, 44, 44, 88, 22. பின்பக்கம் 88, 66, 0, 44, 44, 0, 66. வடிவமைப்பு அதிர்வெண் ஏறக்குறைய 1000-லிருந்து 1100 ஹெர்ட்ஸ் ஆகும், பெரிய நஷ்டமில்லை. குழி அகலம் 50 என்பதால் சிதறலின் மேல் எல்லை 3400 ஹெர்ட்ஸ் பக்கம், அது மாறாது. அப்புறம், மூட்டுகளில் இடுக்கு இருந்தால் ஒலியை உறிஞ்சிவிடும், பசையை நிறையப் போடுங்கள்.

இசையறை:
அறை அளவு இன்னும் வரவில்லை.

தம்புரா_கோவை:
22 வைத்தோம், இரண்டு பக்கமும் சரியாக உட்கார்ந்தது. ரொம்ப நன்றி.